சோத்தாங்கை

செங்கோடனின் கை ஆடுவதை முதலில் கவனித்தது அவருடைய மகள் ரஞ்சிதா. அதுவும் நேரில் பார்த்து அல்ல, டிவியில்.

அயோத்தியாப்பட்டணத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அப்பா நடிக்கும் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், விளம்பரம் வந்ததும் புதுச்சத்திரத்தில் இருந்த அவருக்குப் போன் போட்டாள். அந்தக் காட்சியில் செங்கோடன் பஞ்சாயத்துத் தலைவர். ஒரு பெண் அழுது முறையிடுவதை நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு வசனம் கிடையாது.

"அப்பா, அந்த சீன்ல உங்க சோத்தாங்கை ஏன் அப்புடி ஆடுது?"

"எங்க ஆடுது?"

"நாற்காலிக் கை மேல வெச்சிருக்கீங்கல்ல, அங்கதான். கட்டவெரலும் பக்கத்து வெரலும் பீடி உருட்டற மாதிரி ஆடிட்டே இருக்குதுங்ப்பா. அப்புடி நடிக்கச் சொன்னாங்களா?"

"ஆமா கண்ணு, டைரக்டரு சொன்னாரு" என்றார்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மடியைப் பார்த்தார். அவருடைய வலது கை அங்கே தன் பாட்டுக்கு, யாருக்காகவோ பீடி உருட்டிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் அமுக்கிப் பிடித்தார். பிடித்திருந்தவரை நின்றது. மகள் கண்ணுக்குத் தெரிந்தது என்றால் இன்னும் எத்தனை பேர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம்தான் அவருக்கு முதலில் வந்தது. நோயைப் பற்றிய எண்ணம் அதற்குப் பிறகுதான்.

செங்கோடன் சினிமாவுக்குள் வந்தது லாரியால். இளவயதில் சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டை அடிவாரத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு யூனிட்டுக்கு, பாரம் ஏற்றிய லாரியை வேகமாக ஓட்டி வந்து கதாநாயகனுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்த சண்டைக் கலைஞர் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, இந்த பிரேக்கை நம்பி என்னால் முடியாது என்று இறங்கிவிட்டார். கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்த செங்கோடன், "வண்டி நம்முளுதுதானுங்க, நான் நிறுத்தறேன்" என்று ஏறினார். சொன்ன இடத்தில் நிறுத்தினார். டைரக்டர் ஓடிவந்து, இறங்கி அந்தக் கதாநாயகனை முறைத்துப் பாருங்கள் என்றார். இவருக்கு முறைக்கத் தெரியவில்லை. லோடு கணக்குச் சரியில்லாதபோது எதிராளியைப் பார்ப்பதுபோல் சும்மா பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நாற்பது வருடம். அடியாள், ஏட்டு, பண்ணையார், பெண்ணின் தகப்பன், நீதிபதி, ஓரிரு படங்களில் பிணம். கூப்பிட்டால் சென்னைக்குப் போவார், முடிந்ததும் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு போட்ட நிலமும், இரண்டு எருமைகளும், பெண்டாட்டி பாவாயியும் இருந்தார்கள். சென்னைக்கே குடி போய்விடலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "எருமைய எந்த மாடியில கட்டறது?" என்று பாவாயி கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் படத்துல குடிசைக்குத் தீ வெச்சவருதான?" என்பார்கள். ரஞ்சிதாவின் மாமியார் வீட்டு விசேஷத்தில் இவர் பந்தி பரிமாறும்போது, ஒறம்பரையாக, விருந்துக்கு வந்திருந்த ஒரு அம்மாள் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "கொள்ளி வெச்ச கையி. அதுல எனக்குச் சோறு வேண்டாம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். செங்கோடனுக்கோ பட்டம் வாங்கியதுபோல் இருந்தது. அவருடைய முகத்தைவிடக் கை நன்றாக நடிக்கும் என்று டைரக்டர்கள் சொல்வதுண்டு. துண்டை உதறுவது, மீசையைத் தடவாமல் தடவுவதுபோல் கொண்டுபோவது, ஒற்றை விரலால் ஒருவனை உட்கார வைப்பது என்று எல்லாம் அந்தச் சோத்தாங்கையின் வேலைதான்.

ரஞ்சிதாதான் சேலத்தில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் கையை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுத எழுத எழுத்து எறும்பாகச் சிறுத்துக்கொண்டே போனது.

"இதுக்குப் பேரு பார்க்கின்சன். பயப்படாதீங்க. முழுசாப் போகாது, ஆனா மாத்திரையில கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

"கேமராவுல தெரியுங்களா?" என்று கேட்டார் செங்கோடன்.

டாக்டர் சிரிக்கப் போனவர், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சும்மா வெச்சிருக்கறப்பதான் கை அதிகம் ஆடும். ஒரு வேலையச் செய்ய ஆரம்பிச்சா நின்னுடும். எதையாவது பிடிச்சுட்டு அசையாம இருந்தீங்கன்னா கொஞ்ச நேரத்துல திரும்பவும் வரும். சாப்பாட்டுக்கு முன்னாடியே மாத்திரையப் போட்டுடுங்க. கறி, முட்டை கூடப் போட்டா சரியாப் பிடிக்காது. முக்கியமா, கவலைப்படாதீங்க. கவலைப்பட்டா நடுக்கம் கூடும்."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு செங்கோடன் கவலைப்படாத நாளே இல்லை. வெசனப்பட்டால் கை ஆடும் என்று வெசனப்பட்டார். கை ஆடியது. ஆடுகிறதே என்று மறுபடி வெசனப்பட்டார்.

அவர் பயந்தது கைக்காக மட்டும் அல்ல. சின்னண்ணன் என்று ஒரு நடிகர் இருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம், இவர் வயசுதான். இருவரும் ஒரே பஸ்ஸில் சென்னைக்குப் போய் வந்தவர்கள். சின்னண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, ஆறு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். நடந்தார், பேசினார், வாய் மட்டும் ஓரத்தில் லேசாக இழுத்திருந்தது. ஆனால் "பாவம், அவருக்கு முடியலையாம்" என்ற ஒரு வார்த்தை அதற்குள் ஆபீஸ் ஆபீஸாகப் போய்விட்டது. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சாகும்வரை அந்த மனிதர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்ததைச் செங்கோடன் பார்த்திருக்கிறார்.

அதனால் மறைத்தார். கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டார். தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்தார். "இந்தப் பெரியவரு கையில ஒரு தடி இருந்தா நல்லாருக்குங்களே" என்று டைரக்டர்களிடம் யோசனை சொல்வதுபோல் சொல்லித் தடி வாங்கிக்கொண்டார். யூனிட்டோடு சாப்பிடுவதை விட்டார். வயிறு சரியில்லை, விரதம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று தினம் ஒரு பொய். ரஞ்சிதாவிடமும் பாவாயியிடமும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார்.

அப்படி இரண்டு வருடம் ஓடியபிறகுதான் காளிதாஸ் வீடு தேடி வந்தான்.

காளிதாஸ் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். முதல் படம் எடுக்கப் போகிறவன். எருமைக் கட்டுத்தறியைத் தாண்டி வரும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். அப்பனும் மகனும் மட்டும்தான் கதை என்றான். அப்பன் சங்ககிரியில் ஓய்ந்துபோன லாரி டிரைவர். மகனும் டிரைவர். விபத்தில் முதுகெலும்பு போய்ப் படுத்த படுக்கையாகிவிடுகிறான். அப்பன் அவனை வைத்துப் பார்த்துக்கொள்கிறான்.

"அப்பாவா நீங்க பண்ணணும் ஐயா. சின்ன வயசுல இருந்து உங்களைப் பாத்துட்டு இருக்கேன். டைட்டில்ல ரெண்டாவது பேரு உங்களோடதுதான்."

நாற்பது வருடத்தில் டைட்டிலில் அவர் பெயர் தனியாக வந்ததே இல்லை. கூட்டமாக ஓடும் எழுத்துகளோடு ஓடிப் போய்விடும். செங்கோடன் துண்டுக்குள் கையை இறுக்கிக்கொண்டு, "அதுக்கென்ன சாமி, பண்ணிப்போடலாம்" என்றார். கதவோரம் நின்ற பாவாயி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

படப்பிடிப்பு சங்ககிரியிலேயே, மலைக்குக் கீழே லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடந்தது. மகனாக நடித்த தர்ஷன் சென்னைப் பையன். வந்த முதல் நாளிலிருந்து கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவரை அப்பா என்றே கூப்பிட்டான். பாதிப் படம் எப்படியோ முடிந்தது. தினமும் காலையில் வண்டி வரும்வரை செங்கோடன் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். மாலையில் வீடு திரும்பி, இன்றைக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று ஆன பிறகுதான் சோறு இறங்கும்.

பிறகு சவரக் காட்சி வந்தது.

மகனைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள். தாடியும் மீசையுமாய்க் கிடக்கிறவனுக்கு அப்பன் தன் கையால் முகம் மழித்துவிட வேண்டும். காளிதாஸ் அதை ஒரே ஷாட்டாக, வெட்டாமல் எடுக்க நினைத்தான். "நெஜக் கத்திதான் ஐயா. முடி விழறது தெரியணும். தர்ஷன் இதுக்காகத்தான் தாடி வளக்கறான். ஒரே டேக். தப்பாப்போனா அவனுக்குத் தாடி வளர்ற வரைக்கும் நாம உக்காந்திருக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் செங்கோடன் சலூன்காரரிடம் ஒரு சவரக்கத்தி வாங்கி வந்தார். கூடவே ஒரு பாக்கெட் பலூன். சவரம் பழகுகிறவர்கள் ஊதின பலூனில் நுரை தடவி வழித்துப் பழகுவார்கள் என்று அந்தச் சலூன்காரர்தான் சொன்னார். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பலூன் டப்பென்று வெடித்தது.

சாணிக் கையோடு ஓடிவந்த பாவாயி கதவைத் தள்ளினாள். "என்னங்க, சைக்கிள் டியூபா?"

தரையில் கிடந்த பலூன் தோலையும், கத்தியையும், அவர் மீசையில் தெறித்திருந்த நுரையையும் பார்த்தாள். காட்சி என்ன என்பதை அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"ஏனுங்க, ரசத்தக் கரண்டியில எடுத்து ஊத்தறதுக்குள்ள பாதி கீழ போகுது. அந்தப் பையன் கழுத்துல கத்தி வெக்கப் போறீங்களா?"

"வேல செய்யறப்ப ஆடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"அப்ப இது ஏன் வெடிச்சுது?"

அவர் மீசை நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. படம் போனாப் போகுது."

"இந்த ஒண்ணு மட்டும் முடியட்டும் பாவாயி. முடிச்சுட்டு நானே சொல்லிப்போடறேன்."

"அவனும் ஒரு தாய் பெத்த புள்ளைங்க" என்றாள் பாவாயி. சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பலூன்கள் வெடித்தன. எருமைகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. கன்னம் போன்ற இடத்தில் கத்தியை இழுத்துக்கொண்டு போகும்போது கை நன்றாகவே நின்றது. கீழே வளைந்து, கழுத்துப்போல் குறுகும் இடத்தில் கத்தியை வைத்து நிதானிக்கும்போதுதான் உள்ளிருந்து அது கிளம்பும். கடைசி நாளன்று இரண்டு பலூன்கள் முழுதாக வந்தன. அந்த இரண்டை மட்டும் நினைத்துக்கொண்டு படுத்தார்.

படப்பிடிப்பு அன்று பாவாயியும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஷூட்டிங்கு பாக்க வாரேன்" என்றாள். நாற்பது வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஷாட் முற்பகலிலேயே எடுப்பதாக இருந்தது. அதற்குத் தகுந்தமாதிரி செங்கோடன் மாத்திரை போட்டுக்கொண்டார். கை கட்டுக்குள் வந்தது. விரல்கள் தன்னுடையவைபோல் ஆயின. இப்போதே எடுத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. அப்போது பார்த்து வெளியே பட்டறையில் ஒரு டிரெய்லர் லாரியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார்கள். பீப் பீப் என்ற சத்தம் நிற்கவே இல்லை. சத்தம் நின்றபோது மேகம் வந்து ஓட்டுக் கண்ணாடி வழியாக விழவேண்டிய வெயில் போயிற்று. வெயில் வந்தபோது ஜெனரேட்டர் மக்கர் செய்தது. தயாரிப்பு மேனேஜர் குமரகுரு, "எல்லாரும் சாப்பிட்டு வந்துருங்க" என்று அறிவித்தார்.

பிரியாணி. தர்ஷன் தன் தட்டையும் அவர் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இன்னைக்கு விரதம் கிரதம் எல்லாம் சொல்லக்கூடாதுப்பா. என் தாடியோட கடைசி நாள்."

"வயிறு சரியில்ல கண்ணு, நீ சாப்புடு" என்றார். மாத்திரையின் பலம் இறங்க ஆரம்பித்திருப்பது அவருக்குத் தெரிந்தது. துண்டுக்குள் கட்டைவிரல் மெல்ல உருட்டத் தொடங்கியிருந்தது. அடுத்த மாத்திரையைச் சீக்கிரமே போடலாம். போட்டால் தலை சுற்றும், எழுந்து நின்றால் கண் இருட்டும். கத்தியோடு சாய்ந்துவிட்டால்? போடவில்லை. வேர்த்துக் கொட்டியது. மேக்கப் ஆள் ஒற்றி ஒற்றி அலுத்துப்போனார்.

வெயில் சரியாக விழுந்ததும் காளிதாஸ் கூப்பிட்டான்.

தர்ஷன் கயிற்றுக்கட்டிலில் படுத்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். செங்கோடன் முக்காலியில் உட்கார்ந்தார். கேமரா ஓடியது. கிண்ணத்தில் பிரஷ்ஷைத் தோய்த்து நுரை பூசினார். கை நின்றது. கத்தியை எடுத்து இடது கன்னத்தில் வைத்து இழுத்தார். வழுவழுவென்று வந்தது. கறுப்பு முடி நுரையோடு துண்டில் விழுந்தது. மீசையின் ஒரு பாதியையும் எடுத்தார். டாக்டர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே தாடையைத் தாண்டிக் கீழே வந்தார்.

குரல்வளைக்கு மேல் கத்தி நின்றது. தர்ஷன் எச்சில் விழுங்கினான். அந்த முடிச்சு மேலே ஏறி இறங்கியது. அது இறங்கட்டும் என்று செங்கோடன் காத்தார். காத்த அந்த இடத்தில் கை ஆட ஆரம்பித்தது. கத்தியின் முனையில் வெயில் பட்டுப் பட்டு மின்னியது. பையன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்குகிற குழந்தைபோல் இருந்தது முகம்.

செங்கோடன் கத்தியை எடுத்துத் தூரமாக, தரையில் வைத்தார். கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"கட்! என்னாச்சு ஐயா?" காளிதாஸ் மானிட்டரை விட்டு எழுந்து வந்தான். "பிரமாதமாப் போயிட்டு இருந்துச்சு. ஏன் நிறுத்துனீங்க? இனிமே எப்படி எடுக்கறது? பாதி முகம் போயிருச்சே!"

"மறந்துபோச்சு சாமி..." என்று ஆரம்பித்த செங்கோடன், முற்றத்து மூலையில் நின்ற பாவாயியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் வலது கையைத் துண்டிலிருந்து வெளியே எடுத்து எல்லாரும் பார்க்கும்படி முன்னால் நீட்டினார். மடியில் கிடந்ததைவிட அது இப்போது பெரிதாக ஆடியது.

"மறக்கலீங்க. ரெண்டு வருசமா இப்புடித்தான். பார்க்கின்சன்னு சொல்றாங்க. கன்னத்துக்குத் தாங்குச்சு. கழுத்துக்குத் தாங்கல."

தர்ஷன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு பக்கம் தாடி, ஒரு பக்கம் வெறும் தோல். தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"தெரிஞ்சுதான் கத்தியை எடுத்தீங்களா?" என்று கேட்டான்.

அப்பா என்ற சொல் அதில் இல்லை. செங்கோடன் ஆமாம் என்று தலையசைத்தார்.

குமரகுரு வண்டி ஏற்பாடு செய்து இருவரையும் ஊருக்கு அனுப்பினார். "ரெஸ்ட் எடுங்க, நாங்க கூப்பிடறோம்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது செங்கோடனுக்குத் தெரியும். சின்னண்ணனிடமும் அதைத்தான் சொன்னார்கள். வழியெல்லாம் பாவாயி அவருடைய ஆடும் கையைத் தன் மடியில் பிடித்து வைத்திருந்தாள்.

அந்த நாட்களில் அவர் போனைக் கீழே வைக்கவில்லை. தோட்டத்துக்குப் போனால் சிக்னல் கிடைக்காது என்று தோட்டத்துக்குப் போகவில்லை. தன்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டால், பாதிப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் பையன் காளிதாஸ் தாங்குவானா? முதல் படத்திலேயே அவனைக் கவிழ்த்துவிட்டோமே என்று பாவாயியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைவிடத் தர்ஷன் கழுத்தைத் தடவிப் பார்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. மாத்திரைகூடச் சரியாக வேலை செய்யவில்லை. பாவாயி சோற்றை உருட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"கத்திய நீங்களா வெச்சீங்கல்ல, அது போதும்" என்றாள் அவள்.

"எடுத்திருக்கவே கூடாது பாவாயி."

"கூடாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

ஒரு வெயில் பொழுதில் வாசலில் கார் வந்து நின்றது. காளிதாஸ் இறங்கினான். பின்னாலேயே முகத்தில் மாஸ்க் போட்ட ஒருவன். மாஸ்க்கைக் கழற்றியபோதுதான் தர்ஷன் என்று தெரிந்தது. தாடி அன்றைக்கு இருந்தபடியே பாதியோடு இருந்தது.

"எடுக்கலையா கண்ணு?" என்றார் செங்கோடன் பதறிப்போய்.

"டைரக்டர் எடுக்க விடல. ஊரே என்னைப் பாத்து சிரிக்குது" என்றான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. இப்பவும் இருக்கு. என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ப்பா."

அந்த அப்பாவைக் கேட்டதும் செங்கோடனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொல்லியிருக்கோணும் கண்ணு" என்றார்.

காளிதாஸ் லேப்டாப்பைத் திறந்து கட்டில்மேல் வைத்தான். இதுவரை எடுத்ததை எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னான். எந்தெந்த ஷாட்டில் கை தெரிகிறது, எதையெல்லாம் தூக்கிப் போடவேண்டும் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தானாம்.

"பாருங்க. இங்க துண்டைச் சுத்திக்கறீங்க. இங்க மகன்கிட்டப் பேசிட்டே கையைத் தொடைக்கு அடியில குடுக்கறீங்க. இதுல டீ டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கீங்க, அப்புறம் குடிக்காமயே வெச்சிடறீங்க. எடுக்கும்போது நான் என்ன நெனச்சேன்னா, இந்த மனுசன் என்னமோ உள்ளுக்குள்ள வெச்சுட்டு நடிக்கறாரு, என்னன்னுதான் தெரியலன்னு. ஒரு சீன் விடாம இருக்கு ஐயா. மகன்கிட்ட எதையோ மறைக்கற அப்பனை நான் படம் முழுக்க எடுத்து வெச்சிருக்கேன். எனக்கே தெரியாம."

செங்கோடன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த ஆள் ஒவ்வொரு கணமும் பயந்துகொண்டிருந்தான்.

"அப்ப இனி?"

"கதையில அப்பாவுக்குக் கை நடுங்குது. மகன் சவரம் பண்ணிக்கிற அன்னைக்குத்தான் அவனுக்குத் தெரியுது. பாதியில நிறுத்திடறாரு. விட்ட எடத்துல இருந்து எடுக்கறோம். கத்தியில பிளேடு இருக்காது."

"மேனேஜரு என்ன சொல்றாருங்க?" என்று கேட்டது பாவாயி.

"குமரகுரு சார் இன்னும் பயந்துட்டுத்தான் இருக்காரு. நானும்தான்மா" என்றான் காளிதாஸ்.

அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள். கத்தியைத் தரையில் வைத்த அப்பனின் கையை மகன் எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வசனம் இல்லை. தர்ஷன் பிடித்த பிடியில் கை நின்றது, பிறகு அவன் கையையும் சேர்த்துக்கொண்டு ஆடியது. பாதி முகத்தோடு மகன் சொந்தக்காரர்களைப் பார்ப்பதாகவே கதையை மாற்றினான் காளிதாஸ்.

சென்னையில் டப்பிங்கின்போது வேறு ஒரு பயம் வந்தது. குரல் வெளியே வரவில்லை. செங்கோடன் உரக்கப் பேசுவதாகத்தான் நினைத்தார், மைக்கில் முணுமுணுப்பாக விழுந்தது. இதுவும் அந்த நோயின் வேலைதான் என்று டாக்டர் போனில் சொன்னார். வேறு யாரையாவது வைத்துக் குரல் கொடுக்கச் சொல்லலாமா என்று குமரகுரு கேட்டபோது, காளிதாஸ் ஒப்பவில்லை. நாளுக்குச் சில வரிகளாக, காலையில் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மட்டும் பேசி முடித்தார். பக்கத்தில் நின்ற பாவாயி, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும், "எருமைய முடுக்கற மாதிரிக் கத்துங்க" என்பாள்.

படம் வெளிவந்து நாமக்கல்லில் ஓடியபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். டைட்டிலில் அவர் பெயர் தனியாக வந்து நின்றது. ரஞ்சிதா விசில் அடித்தாள். செங்கோடனால் கதையைப் பார்க்க முடியவில்லை. எங்கே என்ன தெரிந்துவிடுமோ என்று தன் கையையே தேடிக்கொண்டிருந்தார். விளக்கு போட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

படம் பெரிதாக ஓடவில்லை. ஓடிய வரைக்கும் பேசினார்கள். போன் வந்தது. சென்னையிலிருந்து ஒரு டைரக்டர். சத்தமாக வைத்துப் பேசியதால் பாவாயிக்கும் கேட்டது.

"அந்தக் கை நடுக்கம் பிரமாதம் சார். நம்ம படத்துல அது இன்னும் கொஞ்சம் தூக்கலா வேணும். ஷாட் அன்னைக்கு மட்டும் மாத்திரை போடாம வர முடியுமா?"

செங்கோடன் யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்கிறார் என்பதைப் பார்த்ததும் பாவாயி போனைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க சாமி, உங்க ஊட்டுல பெரியவங்க இருக்காங்களா? அவங்க மாத்திரைய நிறுத்திப் பாருங்க மொதல்ல. இவரு மாத்திரை போட்டுட்டுத்தான் வருவாரு. அதுல எவ்வளவு ஆடுதோ அவ்வளவுதான். வேணும்னா எடுத்துக்கங்க, இல்லாட்டி விடுங்க."

"ஏம் பாவாயி..." என்றார் செங்கோடன்.

அவன் போனை வைத்துவிடுவான் என்றே இருவரும் நினைத்தார்கள். ஆனால், "சரிங்கம்மா, மாத்திரை போட்டுட்டே வரட்டும்" என்றது குரல். "ரெண்டு நாள் வேலைதான். தேதி சொல்றேன், குறிச்சுக்கறீங்களா?"

பாவாயி தேதியைக் கேட்டுக்கொண்டாள். கூட யார் வருவார்கள் என்று அவன் கேட்டதற்கு, "நான்தான் வாரேன், வேற யாரு" என்றாள். போனை வைத்ததும் முதல் கவலையாக, அந்த இரண்டு நாளும் எருமைகளுக்குத் தண்ணி காட்ட யாரைச் சொல்வது என்று கேட்டாள். செங்கோடனுக்கோ தன் குரல் இந்தத் தடவை மைக்கில் எடுபடுமா என்ற நினைப்பாகவே இருந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய், கிணற்றடியில் நின்று, வயிறு எக்கக் கத்திப் பார்த்தார்.